அத்தியாயம் 6: தெமுவான் கதைகளில் பேனா வைக்கும் முன் – தொகுப்பாசிரியர் குழுவுக்கு இரண்டு நாள் பயிற்சி

கம்போங் குவாந்தானில் இரவுப் படகேறி, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து அணைவதைப் பார்த்தவர்களுக்குச் சிலாங்கூர் ஆற்றின் கீழ்முனை தெரியும். அதே ஆறு மேலே, கோலகுபு பாருவுக்கு அப்பால், ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடிகளில் ஓர் இனக்குழுவான தெமுவான் மக்களின் ஊர்களை ஒட்டி இறங்கி வருகிறது. 2000-களின் தொடக்கத்தில் அங்கே அணை எழும்பியபோது பெர்த்தாக், கெராச்சி ஊர்க் குடும்பங்கள் இடம் மாற வேண்டியதாயிற்று. மேலே நீரைத் தேக்கினால் கீழே மின்மினி என்னவாகும் என்ற கவலையும் அப்போதே கிளம்பியது. ஆகவே கோலசிலாங்கூர்ப் பக்கம் யார் ஆற்று வரலாறு எழுதினாலும், தோட்டப்புறத்துத் தமிழர் கதையோடும் கம்பத்து மலாய்க்காரர் கதையோடும் தெமுவான் கதையும் அதில் வரவேண்டும்.

தோட்டத்துப் பெரியவர்களிடம் கதை வாங்குவது பற்றி முந்திய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெமுவான் கதையில் கை வைக்காதீர்கள். பள்ளி வாரியமோ, ஆலய இளைஞர் பிரிவோ, நான்கு நண்பர்களோ, நூல் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் கதையைத் திறப்பதற்கு முன் இந்தப் பயிற்சியை முடித்துவிடுங்கள். இதில் ஒரே ஒரு விதியைத்தான் விரித்து வைத்திருக்கிறேன்: கதையின் உடைமையாளர் அதைச் சொன்னவரும் அவருடைய ஊரும். ஆசிரியர் எதை மாற்றினாலும் அவர்களிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பயிற்சிக்கு முன் தயாராக வேண்டியவை

1. குழுவில் ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். தட்டச்சு செய்பவர், ஓவியர், அட்டை வடிவமைப்பவர் ஆகியோரும் உட்கார வேண்டும். இவர்களை விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றுவதும் படத்துக்கு வாசகம் போடுவதும் இவர்கள்தான்.

2. பயிற்றுநராகத் தெமுவான் ஒருவரையாவது அழையுங்கள். கதை சொல்லப்போகும் ஊரைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. வந்துபோகும் செலவும் நாள் ஊதியமும் கொடுங்கள். உள்ளூர்க் கல்லூரிப் பேச்சாளருக்கு என்ன தருவீர்களோ அதற்குக் குறையக் கூடாது.

3. ஓராங் அஸ்லி எழுத்தாளர் எழுதிய நூல் ஒன்றையாவது எல்லாரும் படித்துவிட்டு வரட்டும். செமாய் எழுத்தாளர் அகியாவின் ‘பெராங் சங்கில்’ மலாய் நாவல் நல்ல தொடக்கம். தெமுவான் பாடகி மாக் மீனா 1999-இல் காலமானார். அவர் பாடிய ‘அக்கார் உம்பி’ குழுவின் பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள். ஆற்றைப் பற்றி அந்த மக்களே பாடிய குரல் அது.

4. தோட்டத்துப் பாட்டி ஒருவரின் பேச்சை, பத்து நிமிடம் அளவுக்கு, ஒலிப்பதிவாகவும் எழுத்துப் படியாகவும் கொண்டுவாருங்கள். முதல் பயிற்சிக்கு அது வேண்டும்.

முதல் நாள் காலை: நம் வீட்டுக் கதையில் தொடங்குங்கள்

பிறர் கதைக்குப் போவதற்கு முன், நம் கதையைப் பிறர் திருத்தினால் எப்படி இருக்கும் என்பது உடம்பில் உறைக்க வேண்டும். அதனால் இந்தப் பயிற்சிக்கு நேரத்தைச் சுருக்காதீர்கள். காலை முழுவதும் கொடுங்கள்.

1. குழுவை இரண்டாகப் பிரியுங்கள். தோட்டத்துப் பாட்டியின் பேச்சை ஒரு பிரிவு ‘நல்ல தமிழில்’ திருத்தட்டும். இன்னொரு பிரிவு, புரியாத இடங்களில் ஓரத்தில் கேள்வி எழுதுவதோடு நிறுத்தட்டும்.

2. இரண்டு படிகளையும் உரக்கப் படியுங்கள். கூடுமானால் அந்தப் பாட்டியையோ அவர் மகளையோ கூப்பிட்டு உட்கார வைத்துப் படியுங்கள்.

3. திருத்திய படியில் எவையெல்லாம் காணாமல் போயின என்று பலகையில் பட்டியல் போடுங்கள்.

பலகையில் என்னவெல்லாம் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். ‘கித்தா’ ரப்பராகி இருக்கும். ‘பெரட்டு’ காலைக் கணக்கெடுப்பாகி இருக்கும். ஆயாக் கொட்டகை குழந்தைகள் காப்பகமாகி, பாட்டி பிள்ளையை விட்டுப் போன இடத்தில் இருந்த தொட்டிலும் அழுகையும் இல்லாத இடமாகி இருக்கும். அவர் ‘பத்தாங் பெர்ஜுந்தாய்’ என்று சொன்னதை யாராவது ‘பெஸ்தாரி ஜெயா’ என்று மாற்றியிருப்பார். அந்த ஊருக்குப் பெயர் மாறியது 2007-இல்தான். பழைய பெயரை எடுத்துவிட்டால், எந்தக் காலத்துப் பேச்சு இது என்பதற்கான அடையாளமும் சேர்ந்து போய்விடுகிறது. நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி என்று அந்த வட்டாரத்துத் தோட்டப் பெயர்களும் இப்படித்தான். வீட்டுக்காகப் பல ஆண்டுகள் அலைந்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் முகவரி மட்டுமன்று, உரிமைக்கான அத்தாட்சியும்கூட.

இந்த வலி புரிந்த பிறகு குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாட்டியின் பேச்சைத் திருத்த நமக்கு மொழியாவது பொதுவாக இருந்தது. தெமுவான் கதைக்கு வரும்போது நம்மிடம் என்ன இருக்கிறது?” பதிலுக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

*குறிப்பு:* தோட்டத் தமிழர் பட்ட பாட்டையும் ஓராங் அஸ்லி மக்கள் பட்ட பாட்டையும் ஒன்று என்று யாராவது சொல்வார்கள். அங்கே நிறுத்துங்கள். நாம் வேலைக்கு வந்தவர்களின் வழியினர். காடழித்துப் போட்ட தோட்டங்களில் நம் முன்னோர் உழைத்தார்கள். அந்தக் காடு யாருடைய வாழிடமாக இருந்தது என்ற கேள்வி நமக்கும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பது புரிந்துகொள்ள உதவும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் புரிதல் கெடும்.

முதல் நாள் பிற்பகல்: சொற்பட்டியல்

இதற்கு ஒரு மணி நேரம் போதும். குழுவுக்கென்று ஒரு பக்கச் சொற்பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

- ‘சக்காய்’ என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். அடிமை பிடிக்கும் கூட்டங்கள் அந்த மக்களை வேட்டையாடிய காலத்து இழிவு அதில் ஒட்டியிருக்கிறது. பழைய ஆவணத்தை மேற்கோள் காட்ட நேர்ந்தாலும், தெமுவான் பயிற்றுநரிடம் கேட்டபின் காட்டுங்கள்.
- ‘காட்டுவாசி’, ‘நாகரிகம் அறியாத’, ‘அழிந்துவரும்’, ‘வெள்ளந்தி மக்கள்’ ஆகியவையும் வேண்டாம். கடைசிச் சொல் பாராட்டுப் போலத் தோன்றும். வளர்ந்த மனிதரைப் பிள்ளையாக்குகிற பாராட்டு அது.
- ‘ஓராங் அஸ்லி’ என்பது தீபகற்பத்தின் 18 இனக்குழுக்களுக்குப் பொதுப்பெயர். தெமுவான் கதை என்றால் தெமுவான் என்றே எழுதுங்கள். சிலாங்கூரிலேயே கேரித் தீவில் வாழும் மஹ் மெரி மக்களுடைய மொழி வேறு, முகமூடிக் கலை வேறு. ஒரு குழுவின் கதைக்கு இன்னொரு குழுவின் படத்தைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.
- வழக்கம் இன்றும் நடப்பது என்றால் நிகழ்காலத்தில் எழுதுங்கள். ‘வணங்கினார்கள்’, ‘நம்பினார்கள்’ என்று எழுதும்போது உயிரோடிருக்கும் ஊரை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

இரண்டாம் நாள்: கதை ஒன்று வந்து சேரும் வழி

உண்மைக் கதை கைக்கு வந்த பிறகு செய்யவேண்டியவை, வரிசைப்படி இவை. பயிற்சியில் இதை ஒத்திகையாகச் செய்து பாருங்கள்.

1. தோக் பாத்தினைப் பாருங்கள். ஊர்த்தலைவரான பாத்தினிடம் முதலில் போங்கள். மலாய் பேசத் தெரிந்த மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. ஆய்வு, படப்பிடிப்பு என்று போனால் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதியும் தேவைப்படலாம்; முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். அலுவலக அனுமதி கையில் இருப்பதால் ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

2. முதல் சந்திப்பில் பதிவுக் கருவியை எடுக்காதீர்கள். என்ன நூல், யார் படிப்பார்கள், விற்றால் பணம் யாருக்கு என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். சாப்பாடோ காப்பியோ நீட்டினால் ஒரு வாயாவது வாங்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தொட்டாவது விடுங்கள். நீட்டிய உணவைத் தொடாமல் போனால் கெடுதி வரும் என்ற ‘கெம்புனான்’ நம்பிக்கை கம்பத்து மலாய்க்காரர்களிடமும் ஓராங் அஸ்லி மக்களிடமும் உண்டு. மறுத்தால் உங்களுக்காக அவர்கள் கவலைப்படுவார்கள்.

3. அனுமதியைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒலிப்பதிவுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, நிழற்படத்துக்கு ஒன்று, தமிழாக்கத்துக்கு ஒன்று, இணையத்தில் போட ஒன்று. பதிவு செய்யச் சம்மதித்தவர் அச்சுக்கும் சம்மதித்தார் என்று கொள்ளக் கூடாது. நூலுக்காகக் கொடுத்த கதையை ஆண்டு விழா நாடகமாக்கக் கூடாது.

4. ‘இல்லை’ என்று சொல்ல வழி விடுங்கள். வந்த விருந்தாளியிடம் முகத்துக்கு நேரே மறுக்கப் பலருக்கும் மனம் வராது. ‘பார்க்கலாம்’ என்பதும், பேச்சை வேறு பக்கம் திருப்புவதும், சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் மறுப்பாக இருக்கலாம். ஒரு வாரம் கழித்து, உறவினர் ஒருவர் வழியாகப் பதில் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒத்திகையில் ஒருவர் பெரியவராக நடித்து, ‘இல்லை’ என்ற சொல்லே வராமல் மறுக்கட்டும். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

5. மூன்று படிகள் வைத்திருங்கள். சொன்னபடியே எழுதிய படி ஒன்று, மலாய்ப் படி ஒன்று, தமிழ்ப் படி ஒன்று. தெமுவான் மொழி மலாய்க்கு மிக நெருங்கியது. நமக்கு ஆபத்து இங்கேதான். பாதிக்கு மேல் புரிவதால் மீதியும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பள்ளியில் படித்த மலாய்க்கு ஒத்துவராத சொல்லைப் பிழை என்று திருத்திவிடுகிறோம். சொன்னபடி எழுதிய படியில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள்.

6. சிவப்பு மைக்குப் பதிலாகக் கேள்வி. தமிழ்ப் படியின் ஓரத்தில் மூன்று வகைக் குறிப்புகளை மட்டும் எழுதுங்கள்: ‘எனக்குப் புரியவில்லை’, ‘வாசகருக்கு விளக்கம் வேண்டுமா?’, ‘இதை அச்சிடலாமா?’. கதை மீண்டும் மீண்டும் ஒரே இடத்துக்கு வந்தால் சுருக்காதீர்கள். முடிவு இல்லாமல் நின்றால் முடித்து வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட, நீதி சேர்க்காதீர்கள். சிறுவர் கதைப் பழக்கத்தில் கடைசி வரியில் நீதி எழுத நமக்குக் கை துறுதுறுக்கும்.

7. திரும்பப் போய்ப் படித்துக் காட்டுங்கள். தமிழ்ப் படியை அவர்கள் படிக்க முடியாது. எனவே அதை மலாயில் மறுபடி சொல்லுங்கள், வரி வரியாக. மலாய்ப் படியைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது; தமிழில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதல்லவா அவர்களுக்குத் தெரிய வேண்டும்! ஊரில் கூடியிருப்பவர்கள் நடுவில் படியுங்கள். ஒருவர் சொன்ன கதையில் பலருக்குப் பங்கு இருக்கும். அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது அன்று. இரண்டு வடிவத்தையும் அச்சிடலாமா என்று கேளுங்கள்.

8. கடைசிப் படி அச்சகத்துக்குப் போகும் முன் இன்னொரு முறை. தலைப்பு, படம், பட வாசகம், பின்னட்டைக் குறிப்பு எல்லாம் சேர்ந்த நிலையில் காட்டுங்கள்.

ஏழாவது படிக்கு அதிக நாள் பிடிக்கும். வெளியீட்டு நாளை முதலில் குறித்துவிட்டு வேலை தொடங்கும் குழு, இங்கே வந்ததும் அவசரத்தில் விழும். மண்டபம் பதிவு செய்வதை எட்டாவது படி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியருக்கு ஒரு தனிச்சொல்

நம் சிறுவர் நூல்களில் குரங்குக்குச் சட்டை போடுவோம், கரடிக்குக் கண்ணாடி மாட்டுவோம். செமாய், பாதெக், செவோங் முதலிய ஓராங் அஸ்லி மக்களிடையே விலங்குகளைக் கேலி செய்வது கடுமையான தடை. சிரித்துவிட்டால் இடியும் பெருமழையும் வரும் என்பது அவர்களின் நெறி. விலங்குக்கு மனிதரைப்போல உடை உடுத்திப் பார்ப்பதும் அந்தத் தடைக்குள் வருவதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களுக்குக் கதை தந்த தெமுவான் ஊரில் இது எப்படி என்று கேட்டுவிட்டு வரையுங்கள். கேட்காமல் வரைந்த ஒரே படம், சொன்னவரை அவருடைய ஊரிலேயே தலைகுனிய வைத்துவிடும்.

மனித உருவங்களுக்கும் இதே கவனம் வேண்டும். இலையாடையும் ஊதுகுழலும் எல்லாக் கதைக்கும் போடாதீர்கள். கதை சொன்னவர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால், கதை சொல்லும் காட்சியில் மோட்டார் சைக்கிள் இருக்கட்டும்.

பாதுகாப்பு: அச்சிட்டால் கேடு விளையக்கூடியவை

இந்தப் பகுதியைக் குழுவில் எல்லாரும் உரக்கப் படிக்க வேண்டும்.

*இடங்கள்.* காஹாரு என்னும் அகில் மரம் எங்கே நிற்கிறது, மூலிகை எந்த ஓடைக்கரையில் கிடைக்கிறது, முன்னோர் புதைகுழி எங்கே என்பவை கதைக்குள் இயல்பாக வரும். அகில் கட்டைக்கு இருக்கும் விலைக்கு, ஒரு வரி போதும், திருட்டுக் கூட்டம் போய் இறங்கிவிடும். மருந்துச் செய்முறையும் அப்படியே. ஊர் வேண்டாம் என்றால் இடப்பெயரை எடுத்துவிடுங்கள். ஆனால் எடுத்த இடத்தில் பொய்ப்பெயர் போடாதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

*நில வழக்குகள்.* சிலாங்கூரில் டெங்கில் அருகே புக்கிட் தம்போய் ஊரில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995-இல் தெமுவான் மக்களின் ஏறத்தாழ 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. சகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்களுடைய மரபு நில உரிமையை ஏற்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. ஓராங் அஸ்லி மக்களின் வாய்மொழி வரலாற்றைச் சாட்சியச் சட்டத்தின் வரம்புக்குள் சான்றாக ஏற்கலாம் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. இதன் பொருளை ஆசிரியர் குழு நன்றாக மனத்தில் வாங்க வேண்டும். எந்தப் பாட்டன் எந்த ஓடைக்கரையில் டுரியான் நட்டான் என்று ஒரு கிழவி சொல்வது, நாளைக்கு நீதிமன்றத்தில் அவர்கள் நிலத்தைக் காக்கும் சாட்சியமாக இருக்கலாம். படிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று இரண்டு பாட்டன்களை ஒருவராக்கினாலோ, ஓடையின் பெயரைப் பிரபலமான ஆற்றின் பெயராக மாற்றினாலோ, அந்தச் சாட்சியத்துக்கு எதிரான அச்சுப் பிரதியை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் எதையும் அச்சிடாதீர்கள்.

*அவசரகாலக் கதைகள்.* 1948 முதல் 1960 வரை காட்டுக்குள் இருந்தவர்களுக்கு யார் அரிசி கொடுத்தார், ராணுவத்துக்கு யார் வழி காட்டினார் என்ற பேச்சு வரும். இருபக்கத்தார் பேரப்பிள்ளைகளும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். பெயர்களை அச்சிடும் முன் கட்டாயம் கேளுங்கள்.

*இறந்தவர்களும் துயரங்களும்.* இறந்தவர் பெயரையும் படத்தையும் போடலாமா என்பது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அணைக்காக இடம் மாறியதைச் சொல்லும்போது ஒருவர் கலங்கினால் பதிவை நிறுத்துங்கள். அவர் தொடரச் சொன்னால் மட்டும் தொடருங்கள்.

பெயரும் பணமும்

இதைப் பேசக் கூச்சப்படும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்பு.

கதைக்கு மேலே சொன்னவர் பெயரும் ஊரும் வரட்டும், அவர் விரும்பினால். தொகுத்தவர், தமிழாக்கியவர் பெயர் கதையின் அடியில் சிறிதாக இருக்கட்டும். கதை சொன்ன நாளுக்கும், படித்துக் காட்டியதைக் கேட்டுத் திருத்தம் சொன்ன நாளுக்கும் ஊதியம் கொடுங்கள். இரண்டாவது ஊதியத்தை எல்லாருமே மறந்துவிடுகிறார்கள். பதிப்புரிமைப் பக்கத்தில், கதைகளின் உரிமை இன்ன ஊர் மக்களுடையது, அவர்கள் அனுமதியோடு இந்தப் பதிப்புக்கு மட்டும் அச்சிடப்படுகிறது என்று எழுதுங்கள். ஒலிப்பதிவுகளின் முழுப் படியையும் விரலியில் போட்டு ஊரிடம் கொடுங்கள்.

யாராவது ‘நாட்டுப்புறக் கதைதானே, பொதுச் சொத்துதானே’ என்பார். ஐக்கிய நாடுகளின் பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவு, மரபறிவையும் வாய்மொழி இலக்கியத்தையும் காத்து ஆளும் உரிமை அந்தந்த மக்களுக்கு உண்டு என்கிறது. 2007-இல் அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கனடாவில் கிரீ இனத்தைச் சேர்ந்த பதிப்பாசிரியர் கிரெகரி யங்கிங் 2018-இல் இத்தகைய பதிப்பு வேலைக்கென்றே 22 நெறிகள் கொண்ட கையேடு ஒன்றை வெளியிட்டார். அதில் பெரும்பங்கு இலக்கணத்தைப் பற்றியதன்று. சேர்ந்து வேலை செய்வதும் ஒப்புதலும் பற்றியது. ஆங்கிலம் படிப்பவர் ஒருவர் குழுவில் இருந்தால் அதைப் படித்துச் சொல்லட்டும்.

நூல் வந்த பிறகு

1. முதல் படிகளை ஊருக்குக் கொண்டுபோங்கள். வெளியீட்டு விழா அதற்குப் பிறகு. மேடையில் சொன்னவரை ஏற்ற விரும்பினால் முன்கூட்டியே கேளுங்கள். பொன்னாடை போர்த்திப் பேசவிடாமல் இறக்கிவிடாதீர்கள்.

2. பத்திரிகைகள் பகுதியை மறுவெளியீடு செய்யக் கேட்டால், நீங்களாகச் சம்மதிக்க வேண்டாம். ஊரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள்.

3. சொன்னவரோ ஊரோ ஒரு கதையைத் திரும்பப் பெற விரும்பினால் அடுத்த பதிப்பில் எடுத்துவிடுவோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். இணையத்தில் போட்டிருந்தால் கேட்ட அன்றே எடுங்கள். காரணம் கேட்கத் தேவையில்லை.

4. இரண்டாம் பதிப்புக்கு முன் பாத்தினை மறுபடி பாருங்கள். சொன்னவர் காலமாகியிருக்கலாம், பாத்தின் மாறியிருக்கலாம், அன்று அச்சிடலாம் என்றது இன்று வேண்டாம் என்றாகியிருக்கலாம். பழைய ஒப்புதல் தாளை எடுத்து நீட்டாமல், இரண்டாம் நாள் வரிசையில் அனுமதி கேட்கும் மூன்றாவது படியிலிருந்து புதிதாகக் கேளுங்கள்.